தலைமாட்டுப் பட்டன்

செங்கோடண்ணன் சொல்லித்தான் வந்தீங்களா? அவரு எல்லாரையும் இங்கதான் அனுப்பி வெக்கறாரு. லாரியில ரேடியோ வேலைன்னா சங்ககிரி பைபாஸ்ல லோகுகிட்ட விடுங்க, வேற எவன்கிட்டயும் போயிராதீங்கன்னு. இருக்கட்டும். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆயில் ஒட்டியிருக்கு.

என்ன தொந்தரவுன்னு சொன்னீங்க? சீட்டுக்குப் பின்னாடி படுக்கை இருக்கில்ல, அதுல தலைமாட்டுல இருக்கற ரேடியோ பட்டன் வேலை செய்யல. முன்னாடி செட்டு நல்லாப் பாடுது, ஆனா படுத்துக்கிட்டே சத்தத்தைக் கூட்டவோ கொறைக்கவோ முடியல. சரி. பெரிய வேலையில்லீங்க அது. ஒண்ணு பிளக் ஆடியிருக்கும், இல்லன்னா தரையில விரிச்ச மேட்டுக்கு அடியில வயர் நசுங்கியிருக்கும்.

ஆனா கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்தப் படுக்கையில படுக்கறவரு யாரு? குளிக்கப் போயிருக்காரா? வரட்டும். அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கை வெப்பேன். உங்க மேல சந்தேகமெல்லாம் இல்லீங்க. நாலு மாசமா இப்படி ஒரு பழக்கம் வந்துருச்சு.

ஏன்னா, அது செங்கோடண்ணன் வண்டியில வந்த பழக்கந்தான். குளிக்கப் போனவரு வர்ற வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

செங்கோடண்ணன் இருபத்தாறு வருஷமா டிரெய்லர் ஓட்டறவரு. இந்த ரோட்டுல அவரைத் தெரியாதவங்க இல்ல. நிமிந்துதான் நடப்பாரு, ஒரு சொல்லு பொறுக்க மாட்டாரு. அவருகூட ரெண்டாவது டிரைவரா ஓடுனது அர்த்தநாரி. அவரு தங்கச்சி மைதிலியக் கட்டுனவன். இவரு அவனை மாப்ளம்பாரு, அவன் இவரை மச்சாம்பான். ஒருத்தரு ஓட்ட, ஒருத்தரு பின்னாடி படுத்துத் தூங்க, ரெண்டு பேரும் புனே வரைக்கும் போய்ட்டு வருவாங்க. அர்த்தநாரி அதிகம் பேச மாட்டான். என் பட்டறைக்கு வந்தா ஒரு ஓரமா நின்னு என் கையையே பாத்துக்கிட்டு இருப்பான். நல்ல பையன்னு சொல்லலாம், முப்பத்தஞ்சு வயசு ஆனாலும்.

மொத தடவை வந்தப்ப செங்கோடண்ணன் கடுப்புல இருந்தாரு. "லோகு, இந்த ரேடியோவுக்குப் பேய் புடிச்சிருக்கு. நான் பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கேன், அதுவா சத்தம் ஏறுது. காதைக் கிழிக்கற மாதிரி. நான் கொறைக்கறேன், பத்து நிமிசத்துல மறுபடி ஏறுது"ன்னாரு.

எப்ப ஏறுதுன்னு கேட்டேன். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அப்புறம், மத்தியானத்துலன்னாரு. எனக்கு உடனே என்ன தோணுச்சுன்னா, சூடு. வெயில்ல கேபின் சூடேறி, எங்கயோ ஈயம் வெச்சுப் பத்தவெச்ச எடம் விட்டுப்போகுதுன்னு. யாரா இருந்தாலும் அப்படித்தாங்க நெனப்பான்.

செட்டை வெளிய எடுத்தேன். பின்னாடி எல்லா பிளக்கையும் கழட்டித் துடைச்சுப் போட்டேன். ஃபியூஸ் பாத்தேன், எர்த் பாத்தேன். எர்த் போல்ட்டு கொஞ்சம் துரு, சுரண்டி முறுக்கினேன். மீட்டர் வெச்சா பன்னெண்டு வோல்ட்டுக்கும் இருபத்துநாலு வோல்ட்டுக்கும் எங்கயும் கோளாறு இல்ல, வர வேண்டிய எடத்துல வர வேண்டியது வருது. சரியாப் போச்சுன்னு அனுப்பிச்சேன்.

பத்து நாள்ல திரும்பி வந்தாங்க. அதே கதை. இந்தத் தடவை மேட்டைத் தூக்கி வயரை முழுசாப் பாத்தேன். செட்டுல இருந்து இஞ்சின் மேல ஏறி, சீட்டுக்குப் பின்னால போயி, படுக்கைத் தலைமாட்டுல இருக்கற பட்டன் பெட்டி வரைக்கும் ஒரு கீறல் இல்ல. செட்டையே மாத்திப் பாத்தேன். என்கிட்ட ஒரு பழைய செட்டு இருந்துச்சு, அதைப் போட்டு அனுப்பிச்சேன். அதுவும் கத்துதுன்னு வந்து நின்னாரு.

உங்களுக்குத் தெரியாது, ஒரு கோளாறு கண்டுபுடிக்க முடியலன்னா எனக்குச் சோறு எறங்காது. பதினெட்டு வருஷமா வயரைப் புடிச்சிட்டு இருக்கேன். சேலம், ஈரோட்டுல இருந்தெல்லாம் வண்டி வரும். ஒருத்தரும் என்னை ரெண்டு தடவைக்கு மேல ஒரே கோளாறுக்குத் தேடி வந்ததில்ல. நான் பெருமைக்குச் சொல்லலீங்க, நெசத்தைச் சொல்றேன்.

கடைசியா நானே வண்டியில ஏறிப் பவானி வரைக்கும் போய்ட்டு வந்தேன். நான் முன்னாடி, அர்த்தநாரி பின்னாடி. போகவும் வரவும் ஒரு சத்தம் ஏறல. செங்கோடண்ணன் என்னைப் பாத்து, "பாத்தியா, உன்னைப் பாத்தா ஒழுங்கா இருக்குது"ன்னாரு.

பட்டறைக்கு வந்து அவரு டீ குடிக்கப் போனப்ப, நான் படுக்கையில ஏறிப் படுத்துப் பாத்தேன். படுத்தா கைக்கு நேரா இருக்குதுங்க அந்தப் பெட்டி. நாலு பட்டன். ஸ்டேஷன் மாத்த ரெண்டு, சத்தம் கொறைக்க ஒண்ணு, கூட்ட ஒண்ணு. மூணு பட்டன்ல வெள்ளைக் குறி புதுசா அப்படியே இருக்கு. கூட்டற பட்டன்ல மட்டும் குறியே இல்ல. வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. வண்டிக்கு வயசு ரெண்டு வருஷங்கூட ஆகல.

கோளாறு வயர்ல இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது. இதை வேற எவனா இருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டான், அது வேற விஷயம்.

கீழ எறங்கி அர்த்தநாரியைப் பின்சக்கரத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். "நீதானே அமுக்கற?"

"ஆமாங்கண்ணே"ன்னான்.

"எதுக்குடா அவரை இப்படிப் பாடாப்படுத்தற?"

"மச்சான் தூங்கறாருங்கண்ணே."

நான் திரும்பக் கேட்டேன். அவன் மெதுவாத்தான் சொன்னான். ஒரு வருஷமா இப்படியாம். சாப்பிட்டு ஏறினா அரை மணி, முக்கால் மணி நேரத்துல வண்டியோட சத்தம் மாறுமாம். டயர் வெள்ளைக் கோட்டு மேல ஏறினா தடதடன்னு கேக்கும்ல, அது படுத்திருக்கறவனுக்கு மண்டையில கேக்குமாம். எட்டிப் பாத்தா இவரு கண்ணு தொறந்திருக்கு, ஆனா ஆளு இல்லையாம். மொத தடவை மச்சான்னு கத்திட்டானாம். அவரு திடுக்குனு முழிச்சு ஸ்டியரிங்கை வெட்டி, டிரெய்லர் பின்பக்கம் ஒரு கார் மேல போகப் பாத்துச்சாம். அப்புறம் வண்டிய நிறுத்திட்டு, "நான் தூங்கினனா? எனக்கு நீ சொல்லித் தர்றியா?"ன்னு அடிக்காத கொறையாம். தூங்கவே இல்லன்னு சாதிச்சாராம்.

"அதனாலதாண்ணே பாட்டைக் கூட்டறேன்"ன்னான். "மெதுவா மெதுவாக் கூட்டுவேன். முழிச்சுக்குவாரு. ரேடியோவைத் திட்டுவாரு. திட்டிட்டு இருக்கற வரைக்கும் தூக்கம் வராதுங்க. மறுபடி அமைதியானா மறுபடி அமுக்குவேன்."

"அப்ப நீ எப்பத்தான் தூங்குவ?"ன்னு கேட்டேன்.

"அவரு ஓட்டறப்ப மத்தியானத்துல நான் தூங்கறதில்லீங்க"ன்னான்.

ஓனர்கிட்டச் சொல்லிரலாம்ல, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்லன்னேன். அவன் கையெடுத்துக் கும்புட்டுட்டான். "வேண்டாங்கண்ணே. ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய விட்டு எறக்கிருவாரு. மச்சானுக்கு வண்டிதான் உசுரு. நான்தான் காட்டிக் குடுத்தேன்னா மைதிலி அவங்க அண்ணன் வீட்டு வாசல மிதிக்க முடியாது. உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஏதோ கோளாறு, முழுசாச் சரியாகாதுன்னு மட்டும் சொல்லிருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக் குடுத்தேன். பின்ன என்ன செய்யறது? குடும்ப விஷயம். நான் எலக்ட்ரீசியன், வயர்தான் என் வேலை.

செங்கோடண்ணன்கிட்ட, "சூட்டுல வர்ற கோளாறுண்ணே. இப்போதைக்குச் சமாளிச்சுக்குங்க, கம்பெனியில இருந்து ஒரு சாமான் வரணும்"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். அத்தோட விட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். நான் விடத்தான் நெனச்சேன். அவரு விடல.

மாசி மாசம் ஒரு நாள் வந்தாரு. பட்டறையில அன்னிக்கு நாலஞ்சு வண்டி, எல்லா டிரைவரும் இங்கதான் நிக்கறாங்க. வந்ததும் எல்லாரு முன்னாடியும், "ஏன் லோகு, நாலு பட்டன் இருக்கற ஒரு பெட்டியச் சரி பண்ண உனக்கு மூணு மாசம் பத்தலையா? தனசேகரன்கிட்டப் போனா அரை மணியில முடிச்சுத் தர்றானாம்"ன்னாரு.

தனசேகரன் யாருன்னா, என்கிட்ட ஒம்பது வருஷம் வேலை பாத்துட்டு, எனக்கு எதுத்தாப்லயே பட்டறை போட்டவன். அங்க பாருங்க, நீல போர்டு. அவனுக்கு டெஸ்ட் லேம்ப் புடிக்கக் கத்துக் குடுத்ததே நான். நின்னவங்கள்ல ஒருத்தரு சிரிச்சாரு. யாருன்னு கூட எனக்குத் தெரியும்.

அதனால செஞ்சேன்னு நீங்க நெனச்சிராதீங்க. கஸ்டமர் ஒரு வேலை சொல்றாரு, நான் செய்யறேன், அவ்வளவுதான். அவரே சொன்னாரு, "பின்னாடி பட்டனே வேண்டாம் லோகு, அந்த எழவை எடுத்து விட்ரு"ன்னு. நான் டேஷ்போர்டுக்குள்ள கையை விட்டு, செட்டுக்குப் பின்னாடி இருக்கற அந்த ஒரு பிளக்கை மட்டும் உருவி, டேப் சுத்தி உள்ள தள்ளி விட்டேன். ரெண்டு நிமிசம். சுத்தமான வேலை. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "இனி சத்தம் ஏறுச்சுன்னா என் பட்டறைய இழுத்து மூடிர்றேன்"ன்னேன்.

அர்த்தநாரி அன்னிக்கு வரல. மைதிலிய எங்கயோ விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தான். அடுத்த நாள் லோடுக்கு அவன் குமாரபாளையத்துல ஏறிக்குவான்னு செங்கோடண்ணன் சொன்னாரு.

அவன்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நெசமா இருந்தேனுங்க. நம்பர் இருந்துச்சு. போன்ல என்னன்னு சொல்றது, நேர்ல வந்தாச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அன்னிக்குப் பட்டறையில வேலை வேற அதிகம்.

நாலாம் நாள். சித்ரதுர்கா தாண்டி. மத்தியானம் ரெண்டரை மணி. நல்ல வெளிச்சம், நேர் ரோடு, மழை கெழை இல்ல. வண்டி இடது பக்கமா ஒதுங்கி ஒதுங்கிப் போயி, ரோட்டை விட்டு எறங்கி, ஒரு பாலத்துச் சுவத்துல மோதிருச்சு. செங்கோடண்ணனுக்கு நெத்தியில மூணு தையல். இடிச்சது இடது பக்கம். படுக்கையில அர்த்தநாரி கால் நீட்டியிருந்த பக்கம்.

வலது கால் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இடுப்புலயும் கம்பி வெச்சிருக்காங்க.

நாய் குறுக்க வந்துச்சுன்னு செங்கோடண்ணன் சொன்னாரு. எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. போலீஸ்லயும் அதைத்தான் எழுதிக்கிட்டாங்க. அவரு பொய் சொல்றாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கே அப்படித்தான் தோணுதோ என்னமோ. என்னைப் பாத்தப்ப அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "ரேடியோ ஒரு சத்தம் போடல லோகு. தாலாட்டு மாதிரி பாடிட்டு வந்துச்சு. உன் வேலை வேலைதான்"ன்னாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க. பிளக்கை உருவுனதால வண்டி சுவத்துல மோதுமா? ஸ்டியரிங் என் கையிலயா இருந்துச்சு? தூங்கினது அவரு. மறைச்சது அவன். நான் கழட்டச் சொன்னதைக் கழட்டுனேன். இதை நான் எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், என் மேல தப்பு வர்ற மாதிரி எதுவும் இல்லீங்க. மைதிலி மட்டும் ஒரு நாள் போன் பண்ணுச்சு. "அவரு உங்களைப் பாக்கணுங்கறாருங்க"ன்னு.

சேலத்துல ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் கழிச்சுத்தான் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். எல்லாம் தெரிஞ்சுதான் கூப்புடறான்னு நெனச்சு, படியேறும்போதே என்ன பதில் சொல்லறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டுத்தான் போனேன். நீயாச்சு உங்க மச்சானாச்சு, என்னை ஏன் இழுக்கறன்னு கேட்டுரணும்னு.

அவன் மெலிஞ்சு போயிருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு. மைதிலியத் தண்ணி வாங்கிட்டு வான்னு அனுப்பிச்சிட்டு, என்னைப் பக்கத்துல வரச் சொன்னான்.

"அண்ணே, அமுக்குனேன்"ன்னான்.

நான் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்குக் கீழ வெச்சேன்.

"தடதடன்னு கேட்டுச்சு. கேட்டதும் அமுக்குனேன். ஏறல. விரல் தப்பா வெச்சிட்டேன்னு பாத்துப் பாத்து அமுக்குனேன். இடிக்கற வரைக்கும் அமுக்கிட்டே இருந்தேன். கத்தினா மறுபடி ஸ்டியரிங்கை வெட்டிருவாரோன்னு கத்தல. கத்தியிருக்கணும்." அப்புறம் மூச்சு வாங்கிட்டு, "அதுல நெசமாவே ஏதோ கோளாறு வந்திருச்சுண்ணே. நாம பொய்யாச் சொன்னது நெசமாயிருச்சு. வண்டி ரெடியாகி வந்தா அந்தப் பட்டனைக் கொஞ்சம் பாத்து வெச்சிருங்க. அடுத்து யாரு படுத்தாலும் அது வேலை செய்யணும்"ன்னான்.

பாக்கறேன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க. அதுக்காகத்தான் கூப்புட்டேன். கையப் புடிச்சு ஒரு நன்றி சொல்லணும்னு"ன்னான். புடிச்சுக்கிட்டான். கட்டை விரல்ல காப்புக் காச்சியிருந்துச்சுங்க.

நான் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? கால் முளைக்கவா போகுது? அந்த நெலமையில இருக்கறவன்கிட்ட இதைச் சொல்லறது பாவம்னுதான் சொல்லல. எனக்காக இல்ல.

இவ்வளவுதான் கதை. அதனாலதான் பின்னாடி படுக்கறவரைக் கேக்காம இப்ப நான் அந்தப் பெட்டியில கை வெக்கறதில்ல.

செங்கோடண்ணனா? நல்லாத்தான் இருக்காரு. அதையும் சொல்லிர்றேன். வேற ஒரு ஓனரு அவருக்குப் புது டிரெய்லர் குடுத்திருக்காரு. அதே மாடல். நேத்து சாயங்காலம் இங்க கொண்டாந்து நிறுத்தி, "லோகு, கெளம்பறதுக்கு முன்னாடியே பின்னாடி பட்டனைப் புடுங்கி விட்ரு, மறுபடி அந்தத் தலைவலி வேண்டாம்"ன்னாரு. நான் டேஷ்போர்டைக் கழட்டி, கொஞ்ச நேரம் கையை உள்ள விட்டுட்டு இருந்தேன். ஒண்ணும் செய்யல. அப்படியே மூடி, எடுத்தாச்சுண்ணேன்னு சொல்லிட்டேன். பொய்தான். எனக்கு அதுக்கு மேல தெரியல.

கூடப் போறவரு ஓமலூர்க்காரரு, பேரு வடமலை. நாப்பது வயசு இருக்கும், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. செங்கோடண்ணன் அந்தப் பக்கம் போனப்ப அவரைப் படுக்கைக்கிட்டக் கூட்டிட்டுப் போயி, கூட்டற பட்டனைத் தொட்டுக் காட்டுனேன். இது வேலை செய்யுது, பாத்துக்குங்கன்னேன். எதுக்குங்க காட்டறீங்கன்னாரு. படுத்துட்டுப் பாட்டு கேக்கறதுக்குன்னேன். எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாங்க, படுத்தா உடனே தூங்கிருவேன்னு சிரிச்சாரு.

காலையில ஆறரைக்குக் கெளம்புனாங்க. ஓசூர் தாண்டித்தான் சாப்புடுவாங்க. இப்ப மணி என்ன? ஒண்ணே கால்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அர்த்தநாரிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது. அதைத்தான் சொல்றேன். அவன் இல்லாதப்ப, அவன் மச்சானை நான் எப்படி...

இல்லீங்க, நீங்க எந்திரிக்க வேண்டாம். உக்காருங்க. வடமலை நம்பர் வாங்கித்தான் வெச்சிருக்கேன். நேத்தே வாங்கிட்டேன். இந்தச் சட்டைப் பையிலதான் இருக்குது. காலையில இருந்து எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கேன். என்னன்னு ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல.

இருங்க. அந்தக் கம்ப்ரசரைக் கொஞ்சம் நிறுத்துங்க, காது கேக்கல.

அலோ. வடமலையா? நான் சங்ககிரி லோகு, எலக்ட்ரீசியன். சாப்டாச்சுங்களா? வண்டி இப்ப யாரு ஓட்டறாங்க? நீங்க படுத்துட்டீங்களா? எந்திரிங்க. எந்திரிச்சு முன் சீட்டுக்கு வந்து உக்காந்துக்குங்க. நான் சொல்றதைக் கேளுங்க, போனை வெச்சிராதீங்க. நேத்து உங்களுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பட்டன் பாட்டு கேக்கறதுக்கு இல்லீங்க.